மலிவான டிக்கெட்டின் மீதியை யார் கட்டுகிறார்கள்? இந்திய ரயில்வே சேவையின் பணக்கணக்கு

ரயில் சேவை பற்றிய விமர்சனங்கள் கழிப்பறை, கம்பளி, சாப்பாடு, தாமதம் என்று பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. இங்கே மதிப்பிடப்போவது அந்தச் சேவையின் விலையை. டிக்கெட்டில் அச்சாகும் தொகை எப்படி உருவாகிறது, அது போதாதபோது மீதி எங்கிருந்து வருகிறது, அதை வைத்து ரயில்வே ஆண்டுக் கணக்கை எப்படி முடிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இவ்வளவு குறைந்த காசில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேறு சேவை இந்தியாவில் கிடையாது. ஆனால் அடிப்படைக் கட்டணத்தைத் தொடத் தயங்கி ரயில்வே விட்டுக்கொடுக்கும் பணம் எங்கும் காணாமல் போய்விடுவதில்லை. அவசரத்துக்குக் கிளம்புகிறவர், வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்து இடம் கிடைக்காமல் போனவர், அறுபது வயது தாண்டியவர், நிலக்கரி வாங்கும் மின்நிலையம், மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றப்படாத தண்டவாளம் என ஐந்து இடங்களில் அது வசூலாகிறது. இந்த வசூல் முறைதான் சேவையின் மிகப் பலவீனமான பகுதி.

டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால்

அடிப்படைக் கட்டணம் தூரத்தை வைத்து வருகிறது. தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான விலை குறையும். அதன்மேல் முன்பதிவுக் கட்டணம்: ஸ்லீப்பருக்கு 20 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 40, இரண்டடுக்குக்கு 50, முதல் வகுப்பு ஏசிக்கு 60. வண்டி சூப்பர்ஃபாஸ்ட் என்றால் ஸ்லீப்பருக்கு 30, மூன்றடுக்கு, இரண்டடுக்கு ஏசிக்கு 45. ஏசி வகுப்புகளுக்கும் முதல் வகுப்புக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. இணையத்தில் எடுத்தால் ஐஆர்சிடிசியின் வசதிக் கட்டணம் ஏசி அல்லாத டிக்கெட்டுக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30 ரூபாய். யுபிஐ வழியே கட்டினால் அது 10, 20 என்று குறையும். இதற்கும் தனியாக ஜிஎஸ்டி உண்டு.

இந்த அமைப்பில் மெச்ச வேண்டிய ஒன்று இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே கட்டண அட்டவணைதான். கூட்டம் நிறைந்த தடத்துக்கு ஒரு விலை, ஆள் இல்லாத தடத்துக்கு ஒரு விலை என்று கிடையாது. தூரமும் வகுப்பும் தெரிந்தால் யாரும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். விமானத்திலோ ஆம்னி பஸ்ஸிலோ இந்த நேர்மை கிடைக்காது.

சிக்கல் அந்த அட்டவணை உறைந்து கிடப்பதில். 2020 ஜனவரி 1க்குப் பிறகு ஐந்தரை ஆண்டுகள் அடிப்படைக் கட்டணம் அசையவில்லை. 2025 ஜூலை 1 அன்று எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஏசி அல்லாத வகுப்புகளில் கிலோமீட்டருக்கு 1 பைசாவும், ஏசியில் 2 பைசாவும் ஏற்றினார்கள். சாதாரண இரண்டாம் வகுப்பில் 500 கி.மீ. தாண்டிய பயணத்துக்கு அரை பைசா. டிசம்பர் 26 அன்று மறுபடியும் எக்ஸ்பிரஸ்களில் 2 பைசா ஏறியது. இரண்டையும் கூட்டினால் 500 கி.மீ. ஸ்லீப்பர் பயணத்துக்கு 15 ரூபாய், ஏசியில் 20 ரூபாய். புறநகர் ரயில்களையும் சீசன் டிக்கெட்டையும் இரண்டு தடவையும் தொடவில்லை. இதே காலத்தில் டீசல், மின்சாரம், சம்பளம், எஃகு எல்லாம் எவ்வளவு ஏறின என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த உயர்வு மிகச் சிறியது என்பது புரியும்.

தட்கல்: குறுந்தூரப் பயணிக்கு அநியாயம்

தட்கலுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 30 சதவீதம் கூடுதல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இரண்டாம் வகுப்பு அமர்வு இருக்கைக்கு மட்டும் 10 சதவீதம். ஆனால் இதற்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் உண்டு: ஸ்லீப்பருக்குக் குறைந்தது 100, அதிகபட்சம் 200, மூன்றடுக்கு ஏசிக்கு 300, 400, இரண்டடுக்குக்கு 400, 500. இந்த வரம்புகள்தான் உண்மையான விலையைத் தீர்மானிக்கின்றன.

அடிப்படைக் கட்டணம் 200 ரூபாய் வரும் ஸ்லீப்பர் பயணத்தை எடுத்துக்கொள்வோம். 30 சதவீதம் என்றால் 60 ரூபாய். ஆனால் வாங்குவது 100, அதாவது 50 சதவீதம். அடிப்படைக் கட்டணம் 800 ரூபாய் வரும் நீண்ட பயணத்தில் 240 வர வேண்டும். வாங்குவது 200, அதாவது 25 சதவீதம். மூன்றடுக்கு ஏசியில் 700 ரூபாய்ப் பயணத்துக்கு 300, ஏறத்தாழ 43 சதவீதம். 1,800 ரூபாய்ப் பயணத்துக்கு 400, சுமார் 22 சதவீதம். ஆக, பக்கத்து ஊரில் ஒரு சாவு, ஒரு நேர்காணல் என்று திடீரெனக் கிளம்புகிறவர் விகிதப்படி இரண்டு மடங்கு கட்டுகிறார். போதாததற்கு ஸ்லீப்பர் தட்கலில் குறைந்தது 200 கி.மீ. தூரத்துக்குக் கட்டணம் போடப்படுகிறது. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

விற்பனை முறை அண்மையில் ஓரளவு ஒழுங்காகியிருக்கிறது. 2025 ஜூலை முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஏசிக்குக் காலை 10, ஏசி அல்லாதவற்றுக்கு 11 மணி என்று விற்பனை திறக்கும்போது முதல் அரை மணி நேரம் முகவர்கள் எடுக்க முடியாது. அதற்கு முந்தைய 2024 நவம்பரில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. இவை நல்ல மாற்றங்கள். ஆனாலும் அவை யார் முதலில் வாங்குவது என்பதைத்தான் மாற்றின. இருக்கைகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது.

ராஜதானி, சதாப்தி, துரந்தோவில் 2016 செப்டம்பர் 9 அன்று வந்த ஏறுமுகக் கட்டணம் இன்னொரு பாடம். ஒவ்வொரு 10 சதவீத இருக்கை விற்றதும் விலை 10 சதவீதம் ஏறும். சி.ஏ.ஜி. எனும் தலைமைக் கணக்குத் தணிக்கை அமைப்பு இதை ஆராய்ந்தது. முதல் ஓராண்டுக்குள் 500 கோடிக்கு மேல் கூடுதல் வருவாய் வந்திருந்தது. ஆனால் அந்த வண்டிகளில் பயணிகள் குறைந்திருந்தார்கள். அதிலும் மூன்றடுக்கு ஏசிதான் ரயில்வேக்கு லாபம் தந்துவந்த வகுப்பு. லாபம் தரும் இடத்திலேயே ஆளை விரட்டியது அந்தத் திட்டம். பிறகு உச்சவரம்பைக் குறைத்து, சில வண்டிகளில் எடுத்தும் விட்டார்கள். ஏறுமுக விலையில் தப்பில்லை. இறங்குமுகமும் சேர்ந்தால்தான் அது முழுமை. காலியாகக் கிடக்கும் இருக்கைக்கு விலை இறங்காத முறையைத் தேவைக்கேற்ற விலை என்று ஏற்க முடியாது.

சேவையே தராமல் வாங்கும் பணம்

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் உறுதியாகவில்லை என்றால் இணைய டிக்கெட் தானாக ரத்தாகும். அப்போது ஓர் ஆளுக்கு 60 ரூபாய் எழுத்தர் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். வசதிக் கட்டணம் திரும்பாது. நான்கு பேர் கொண்ட குடும்பம் இரண்டு மாதம் முன்பே முழுப் பணமும் கட்டிக் காத்திருந்து, கடைசியில் இடம் கிடைக்காமல் 240 ரூபாய்க்கு மேல் இழக்கிறது. 2021 முதல் 2024 ஜனவரி வரை ரத்தான வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுகளிலிருந்து ரயில்வேக்குக் கிடைத்தது 1,200 கோடிக்கு மேல் என்று தகவல் உரிமைச் சட்டப் பதில் ஒன்று காட்டியது. இந்த ஒரு வருவாயை மட்டும் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை. பயணி மனம் மாறி ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பது சரி. இடம் தர இயலாதது ரயில்வே. கட்டணம் மட்டும் பயணியுடையது என்பது எப்படிச் சரியாகும்?

2015 நவம்பரில் உறுதியான டிக்கெட்டுகளின் குறைந்தபட்ச ரத்துக் கட்டணமும் இரட்டிப்பானது. ஸ்லீப்பருக்கு 60 ரூபாய் 120 ஆனது, மூன்றடுக்கு ஏசிக்கு 90 ரூபாய் 180 ஆனது. அடிப்படைக் கட்டணத்தில் பைசா கணக்கில் தயங்கும் நிர்வாகம் ஓரங்களில் ஒரே கையெழுத்தில் இரட்டிப்பாக்குகிறது. அரசியல் கவனம் கட்டண அட்டவணைமேல் மட்டும் இருப்பதே காரணம்.

வசதிக் கட்டணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2021 அக்டோபர் இறுதியில் ஐஆர்சிடிசி வசூலிக்கும் வசதிக் கட்டணத்தில் பாதியைத் தனக்குத் தர வேண்டும் என்று ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. பங்குச் சந்தையில் ஐஆர்சிடிசியின் விலை சரிந்தது. மறுநாளே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ரயில்வேயின் டிக்கெட்டை விற்கும் நிறுவனத்தின் பங்குதாரர் நலன் ரயில்வேயின் வருவாய் முடிவை ஒரே நாளில் மாற்ற முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதியோர் சலுகை 2020 மார்ச் 20 அன்று கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்தது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலுமாவது திரும்பக் கொடுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. சலுகை மீண்டும் வரவில்லை.

பெட்டிக் கணக்கு: ஸ்லீப்பர் ஏன் குறைந்தது?

எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் பெட்டிகளைக் கழற்றி மூன்றடுக்கு ஏசி மாட்டுகிறார்கள் என்ற மக்களின் வருத்தத்துக்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு வண்டியில் இணைக்கக்கூடிய பெட்டிகள் 22, 24 என்று நடைமேடை நீளத்தால் கட்டுப்பட்டவை. எல்எச்பி எனும் புதுவகை ஸ்லீப்பர் பெட்டியில் 80 படுக்கை, மூன்றடுக்கு ஏசியில் 72. ஏசி கட்டணம் ஸ்லீப்பரைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 80 படுக்கைக்கு 80 பங்கு வருவாய் என்று வைத்தால் 72 படுக்கைக்கு 180 பங்கு. இயக்கச் செலவு அந்த அளவு கூடுவதில்லை. ஸ்லீப்பர் கட்டணத்தை ஏற்றாமல் வருவாயைக் கூட்ட நிர்வாகத்திடம் இருந்த மிகச் சுலபமான வழி இதுதான். அதனால் காகிதத்தில் ஸ்லீப்பர் மலிவாகவே இருக்கிறது. வாங்கப் போனால்தான் கிடைப்பதில்லை. கிடைக்காத மலிவுச் சரக்கு ஏழைப் பயணிக்கு எந்தப் பயனும் தராது.

2021இல் வந்த மூன்றடுக்கு எகானமி பெட்டி இந்த நெருக்கடிக்கு ஒரு நல்ல இடைவழி. படுக்கைகள் 80ஐத் தாண்டுகின்றன, கட்டணம் வழக்கமான மூன்றடுக்கைவிடக் கொஞ்சம் குறைவு, ஒவ்வொரு படுக்கைக்கும் தனிக் காற்று வழி, விளக்கு. காசுக்கேற்ற மதிப்பு என்று பார்த்தால் இன்று ரயில்வே விற்பதில் இதுவே முதலிடம். பொது, ஸ்லீப்பர் பெட்டிகளைச் சுமார் 10,000 கூடுதலாகச் செய்யும் திட்டத்தையும் 2024இல் அறிவித்தார்கள்; அது நிறைவேறினால்தான் மேலே சொன்ன குறை தீரும்.

மீதியைச் சுமப்பது நிலக்கரி

பயணத்துக்கு 100 ரூபாய் செலவானால் சராசரியாக 54 ரூபாய்தான் வாங்குகிறோம், 2022-23இல் இப்படிக் கொடுத்த மானியம் 56,993 கோடி என்று அமைச்சகம் சொல்கிறது. இந்தச் சராசரியைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே தண்டவாளத்தில் பயணி ரயிலும் சரக்கு ரயிலும் ஓடுகின்றன. தண்டவாளம், சிக்னல், நிலையம், மேலாண்மைச் செலவை இரண்டுக்கும் பிரிப்பது சூத்திரப்படிதான். சூத்திரத்தை மாற்றினால் நஷ்டமும் மாறும். மேலும் மூன்றடுக்கு ஏசி செலவை மீட்கிறது. புறநகர் ரயில் மிகக் குறைவாகவே மீட்கிறது. மாத சீசன் டிக்கெட் ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணத்தின் விலைக்குக் கிடைக்கிறது. 25 நாள் வேலைக்குப் போய் வருகிறவர் 50 பயணம் செய்கிறார். சென்னை, மும்பை, கொல்கத்தாவின் கூலி வேலை அந்த விலையை நம்பித்தான் நடக்கிறது. நகரத்தின் பொருளாதாரம் முழுவதும் பயன்பெறும்போது அந்த நஷ்டத்தை ரயில்வேயின் தலையில் மட்டும் வைப்பது சரியல்ல. மாநில அரசும் மாநகராட்சியும் பங்கு தர வேண்டும்.

எப்படிப் பிரித்தாலும் பயணிப் பக்கம் பெரிய பள்ளம் என்பதில் ஐயமில்லை. 2021-22இல் பயணி மற்றும் அது சார்ந்த சேவைகளின் நஷ்டம் 68,000 கோடிக்கு மேல் என்கிறது தணிக்கை. அந்தப் பள்ளத்தை நிரப்புவது சரக்கு. 2024-25இல் ரயில்வே 161 கோடி டன்னுக்கு மேல் ஏற்றியது. அதில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. மொத்த வருவாயில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது.

இதன் விளைவு நேராக நம் மின்கட்டணத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டு அனல் மின்நிலையங்களுக்கான ஒடிசா நிலக்கரி தால்ச்சர் சுரங்கத்திலிருந்து பாராதீப் துறைமுகத்துக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கப்பலில் வருகிறது. அந்த ரயில் வாடகையில் பயணி நஷ்டத்தின் ஒரு துளி இருக்கிறது. ரயிலே ஏறாதவரும் ரயில் மானியத்துக்குப் பணம் கட்டுகிறார்.

சரக்குச் சேவையைத் தனியாக மதிப்பிட்டால், மொத்தமாக அனுப்புகிறவருக்கு நல்லது, சில்லறையாக அனுப்புகிறவருக்குச் சிரமம். ஒரு நிலக்கரி ரேக்கில், அதாவது ஒரே வண்டியாக ஓடும் வேகன் தொகுப்பில், 58 வேகன், சுமார் 3,900 டன். முழு ரேக் நிரப்ப முடியாதவருக்கு 20 வேகன் கொண்ட மினி ரேக் உண்டு; ஆனால் அதற்கும் ஒரே ஊரில் ஆயிரம் டன்னுக்கு மேல் சரக்கு வேண்டும். வண்டி வந்ததும் இலவச நேரத்துக்குள் ஏற்றவோ இறக்கவோ வேண்டும். தாண்டினால் எட்டுச் சக்கர வேகன் ஒன்றுக்கு மணிக்கு 150 ரூபாய் தாமதக் கட்டணம். 58 வேகனுக்கு மணிக்கு 8,700 ரூபாய். மழையில் ஆள் வராத ஓர் இரவு லாபத்தையே தின்றுவிடும். அதனால் இறக்கும் இடத்தில் ஆள், லாரி, கிடங்கு மூன்றும் வண்டி கிளம்பும் நாளிலேயே உறுதியாகியிருக்க வேண்டும்.

நேரமும் ஒரு விலை. சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. அளவுதான், ஏனென்றால் பயணி ரயிலுக்கு வழிவிட்டு ஓரத்தில் நிற்கிறது. எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாத வண்டிக்கு அதிக வாடகையும் கேட்டால் சிமென்ட்டும் துணியும் வீட்டுப் பொருள்களும் லாரிக்குப் போய்விடும், போய்விட்டன. சுதந்திரம் அடைந்த காலத்தில் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு ரயிலிடம் இருந்தது. இன்று அது 30 சதவீதத்துக்கும் கீழ். 2030க்குள் 45 சதவீதம் என்பது தேசிய ரயில் திட்டத்தின் இலக்கு. சரக்குக்கென்றே போட்ட கிழக்குத் தடம் 1,337 கி.மீ., மேற்குத் தடம் 1,506 கி.மீ. அங்கே சரக்கு ரயில் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. பணக்கணக்கின் கண்ணோடு பார்த்தால் வந்தே பாரத்தைவிட இவை பல மடங்கு முக்கியமான முதலீடு. தென்னிந்தியாவுக்கு இன்னும் அப்படி ஒரு தடம் இல்லாதது பெரிய குறை.

98 என்ற எண்ணை எப்படி வாசிப்பது?

ரயில்வேயின் உடல்நலத்தை ஒரே எண்ணில் சொல்வது இயக்க விகிதம். 100 ரூபாய் சம்பாதிக்க எவ்வளவு செலவு என்று பொருள். 2021-22இல் 107.39, 2022-23இல் 98.10, 2023-24இல் 98.43. கடைசி ஆண்டில் சுமார் 2.56 லட்சம் கோடி வருவாய். நிகர மிச்சம் சுமார் 3,260 கோடி.

இந்த எண்ணின் சூத்திரத்தில் ஒரு ஓட்டை உண்டு. செலவில் இரண்டு வகைகள் ரயில்வேயே தீர்மானித்து ஒதுக்குபவை: ஓய்வூதிய நிதிக்கும் தேய்மானக் காப்பு நிதிக்கும் போடும் தொகை. அவற்றைக் குறைத்தால் விகிதம் தானாக இறங்கும். 2019-20இல் விகிதம் 98.36 என்று காட்டப்பட்டது. ஓய்வூதியச் செலவை முழுதாகச் சேர்த்திருந்தால் 114.35 ஆகியிருக்கும் என்றது சி.ஏ.ஜி. 2017-18இல் 98.44; மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசியிடமும் கட்டுமான நிறுவனமான இர்கானிடமும் வாங்கிய முன்பணத்தை விலக்கினால் 102.66. அடுத்த ஆண்டின் வருவாயை இந்த ஆண்டில் எழுதிவிட்டால் அடுத்த ஆண்டு இன்னும் பெரிய முன்பணம் தேட வேண்டும்.

ஓய்வூதியம் காலப்போக்கில் குறையும் சுமை. 2004க்கு முன் சேர்ந்தவர்களுக்குத்தான் பழைய ஓய்வூதியம். இன்று பணியில் இருக்கும் சுமார் 12 லட்சம் பேரைவிட ஓய்வூதியர் அதிகம் என்றாலும் அந்த எண்ணிக்கை ஒருநாள் இறங்கும். தேய்மானம் அப்படியல்ல. தண்டவாளம், பாலம், சிக்னல், பெட்டி ஆகியவற்றுக்கு ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்தவற்றை மாற்ற வேண்டிய நிலுவை வேலைகளின் மதிப்பு 2020-21 வரை 94,000 கோடிக்கு மேல் என்று தணிக்கை கணக்கிட்டது. அந்த நிதிக்கு ஒதுக்குவதோ மிகச் சொற்பம். குறையை ஈடுகட்ட 2017-18இல் ஐந்தாண்டுக்கு ஒரு லட்சம் கோடியில் தேசிய ரயில் பாதுகாப்பு நிதி வந்தது. அதிலிருந்து கால் அமுக்கும் கருவியும் பாத்திரமும் நாற்காலியும் வாங்கியதைத் தடம்புரள்வுகள் பற்றிய 2022ஆம் ஆண்டு தணிக்கை அறிக்கை எடுத்துக்காட்டியது. பயணியின் உயிருக்காக ஒதுக்கிய பணம் அது. இதைவிடக் கடுமையான குறை எதையும் இந்தச் சேவைமேல் சொல்ல முடியாது.

முதலீட்டுப் பக்கம் நிலைமை நேர்மாறு. 2025-26க்கு மூலதனச் செலவு 2.65 லட்சம் கோடி, அதில் 2.52 லட்சம் கோடி பொது பட்ஜெட்டிலிருந்து. தனி ரயில்வே பட்ஜெட் 2017-18இல் பொது பட்ஜெட்டோடு இணைந்தபோது அரசுக்கு ஈவுத்தொகை கட்டும் கடமையும் நீங்கியது. 1986இல் தொடங்கிய ஐஆர்எஃப்சி எனும் ரயில்வே நிதி நிறுவனம் சந்தையில் கடன் வாங்கிப் பெட்டிகளையும் என்ஜின்களையும் ரயில்வேக்குக் குத்தகைக்குத் தந்துவந்தது. புதிய கடன் இப்போது ஏறத்தாழ நின்றுவிட்டாலும் பழைய குத்தகைத் தவணைகள் தொடர்கின்றன. வட்டிப் பகுதி இயக்கச் செலவில் வரும். அசல் பகுதி மூலதனக் கணக்கில் போவதால் 98இல் தெரியாது.

பளபளக்கும் புது வண்டியும் நஷ்டமும் சேர்ந்தே வரலாம் என்பதற்கு ஜப்பான் சாட்சி. ஷின்கான்சென் எனும் அதிவேக ரயில் ஓடத் தொடங்கிய 1964இல்தான் ஜப்பான் தேசிய ரயில்வே நஷ்டத்தில் இறங்கியது. 1987இல் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது கடன் சுமார் 37 லட்சம் கோடி யென்.

பாராட்ட வேண்டிய நிர்வாகமும் உண்டு. அகல ரயில் பாதையில் 98 சதவீதத்துக்கு மேல் மின்மயமாகிவிட்டது. மாநில மின்வாரியத்திடம் மட்டும் வாங்காமல் உற்பத்தியாளரிடம் நேரடியாக மின்சாரம் வாங்கும் உரிமையை 2015இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உறுதிசெய்தது. எரிபொருள் செலவில் கிடைத்த அந்த மிச்சம் ஆண்டுதோறும் திரும்ப வரும் மிச்சம்.

பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் ஆவணம் வந்ததும் இயக்க விகிதத்தைத் தாண்டி தேய்மான நிதி ஒதுக்கீட்டுக்குப் போங்கள். 2.56 லட்சம் கோடி வருவாயில் ஒரு சதவீதம் என்பது 2,560 கோடி. அந்த நிதிக்கு 10,000 கோடி கூடுதலாகப் போட்டிருந்தால் விகிதம் ஏறத்தாழ 4 புள்ளி ஏறி 102ஐத் தாண்டியிருக்கும். எந்த ஆண்டின் ஒப்பனையையும் இந்த ஒரே கணக்கில் கலைத்துப் பார்க்கலாம்.

வாங்குகிறவருக்கு

சீசன் டிக்கெட்டும் மூன்றடுக்கு எகானமியும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 300 கி.மீ.க்குள் தட்கல் எடுக்குமுன் பஸ் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். ஏறுமுகக் கட்டண வண்டியில் விற்பனை திறந்த நாளிலேயே எடுத்தால்தான் அடிப்படை விலை. வண்டி ஏறும் நிலையத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யாவிட்டால், தட்கல் உட்பட முழுப்பணமும் திரும்பும். ஆனால் வண்டி உண்மையில் கிளம்புமுன் டிடிஆர் எனும் பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். பலர் கிளம்பிய பிறகு பதிவு செய்து இழக்கிறார்கள். ஏசி வேலை செய்யாவிட்டால் டிக்கெட் பரிசோதகரிடம் சான்று வாங்கி, போய்ச் சேர்ந்த 20 மணி நேரத்துக்குள் விண்ணப்பித்தால் கட்டண வித்தியாசம் கிடைக்கும்.

ரயில்வேக்குச் சொல்ல வேண்டியது ஒரு சிறு கணக்கு. முதியோர் சலுகைக்கு 2019-20இல் விட்டுக்கொடுத்த வருவாய் 1,667 கோடி என்று அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2023-24இல் பயணிகள் வருவாய் சுமார் 70,700 கோடி. அதில் 3 சதவீதம் 2,121 கோடி, சலுகைக்குத் தாராளமாகப் போதும். 300 ரூபாய் ஸ்லீப்பர் டிக்கெட்டில் அது 9 ரூபாய். அந்த 9 ரூபாய் எதற்காக என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டு வாங்கினால், இடம் தராமல் பிடிக்கும் 60 ரூபாய்க்குக் கோபப்படுகிற பயணி இதற்குக் கோபப்பட மாட்டார்.